மலைக்கு அந்தப் பக்கம் விழுந்ததா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் முட்டுவலி மட்டும் போவேனா என்கிறது.

சரி, குற்றாலம் மலைக்குப் பின்னால் எரிநட்சத்திரம் விழுந்தது, ஆள் வைத்துத் தேடலாமா என்று கேட்டிருக்கிறாய். வீண் செலவு வேண்டாமப்பா. அது மலைப்பக்கம் வரவே இல்லை. எரிநட்சத்திரம் ஒளிர்வது தரைக்கு மேலே சுமார் 80 முதல் 120 கிலோமீட்டர் உயரத்தில். தென்காசியிலிருந்து பார்க்கும்போது மலை முகட்டை ஒட்டித் தெரிந்தது என்றால், 300, 400 கிலோமீட்டர் தள்ளி, கேரளாவையும் தாண்டி அரபிக்கடலுக்கு மேலே அணைந்திருக்கும்.

தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. பெரும்பாலும் அது மணல் பருக்கை அளவுத் துகள்தான். ஆனால் வேகத்தைக் கேள்: டிசம்பரில் வரும் ஜெமினிட் என்ற எரிநட்சத்திர மழையின் துகள்களுக்கு வினாடிக்கு 35 கிலோமீட்டர், நவம்பரில் வரும் லியோனிட்களுக்கு 71. முன்னால் இருக்கிற காற்று விலக நேரமில்லாமல் நசுங்கிச் சூடேறுகிறது. காற்றில் உரசித் தீப்பிடிக்கிறது என்று நாம் படித்தோமே, அதைவிட இந்த நசுங்கல்தான் பெரிய காரணம். துகள் ஆவியாகிவிடும். அந்த ஆவியும் காற்றும் ஒளிர்வதைத்தான் நீ பார்த்தாய்.

நிஜமாகவே கல் விழுந்தால் கடைசிக் கட்டம் இருட்டில்தான் நடக்குமாம். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். தரைக்கு மேலே 20 கிலோமீட்டர் சுமாருக்கு வருவதற்குள் காற்று அதன் வேகத்தைக் குறைத்துவிடும், வெளிச்சம் போய்விடும், அப்புறம் மேல்தோல் கருகிய வெறும் கல்லாக விழும். ஆகவே தரை தொடும்வரை எரிந்தது என்று உன் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை நம்பாதே.

சத்தமும் அப்படித்தான், தாமதமாக வரும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானத்தில் சுமார் 20 மீட்டர் பாறை ஒன்று வெடித்தது. வெளிச்சத்தைக் கண்டு ஜன்னலோரம் வந்து நின்றவர்கள்மேல், ஒரு நிமிடத்துக்கும் மேல் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடியை உடைத்துக் கொட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் காயம். பேத்தியிடம் இதைச் சொல்லிவை: பகலே மங்கும்படி வெளிச்சம் வந்தால் ஜன்னலைவிட்டு விலக வேண்டும்.

ஜெமினிட்களைப் பார்க்க டிசம்பர் 13 ராத்திரி அங்கே வரலாம் என்று இருக்கிறேன். மற்ற எரிநட்சத்திரங்களுக்குப் பெரும்பாலும் விடியற்காலைதான் நல்ல நேரம். ஜெமினிட்கள் பத்து மணிக்கே தெரிய ஆரம்பித்துவிடும். மாடியில் பாய் போதும். தெருவிளக்கு மாடிக்கு அடிக்குமா என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
சண்முகம்