ஏற்காட்டு மண்ணுக்குக் கோழி எரு

அன்புள்ள சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். காப்பித் தோட்டத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி போடத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். நாமக்கல்லிலிருந்து வந்த கோழி எருவை பீன்ஸுக்கும் முட்டைக்கோசுக்கும் அப்படியே போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியே போட வேண்டாம். ஆனால் உங்கள் மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான எரு கிடைப்பது அரிது.

முட்டைக் கோழிகளுக்கு ஓடு கெட்டியாக அமைவதற்காகத் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடுவதால், மழை சுண்ணாம்பை அரித்துச் சென்று புளித்துப்போன, அதாவது அமிலத்தன்மை ஏறிய, மலை மண்ணுக்கு அந்த எரு மருந்தாகவும் ஆகிறது. சேலத்தில் மேக்னசைட் என்னும் வெள்ளைக்கல் எடுக்கும் சுரங்கங்களுக்கு அருகில், கார மண்ணில் தோட்டம் வைத்திருக்கும் எனக்கோ அதே எரு ஆகாது. கார மண்ணில் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும், இரும்புச்சத்து கிடைக்காமல் இளந்தளிர்களும் வெளுக்கும். ஆகவே நான் தொழு உரத்தையும் ஆட்டுப் புழுக்கையையும் விட்டு நகர்வதில்லை.

அளவில்தான் கவனம் வேண்டும். தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவீதம், கோழி எருவில் ஏறக்குறைய 3 சதவீதம். சாணத்தை அள்ளிப் போட்டுப் பழகிய கை, இதையும் அதே தாராளத்தோடு போட்டால் வேர் கருகும். பீன்ஸ் தன் வேர் முடிச்சுகளாலேயே தழைச்சத்தைத் தேடிக்கொள்வதால், அதற்கு மிகுதியாக இட்டால் கொடி மட்டும் செழித்துக் காய் குறையும். முட்டைக்கோசுதான் உண்மையில் பசியுள்ள பயிர்.

முதலில் மட்க வையுங்கள். காப்பிப் பழத்தோலும் சருகும் உங்களுக்குத் தட்டுப்பாடில்லை. அவற்றை எருவோடு அடுக்கடுக்காகக் கலந்து, நீளம், அகலம், உயரம் எதிலும் ஒரு மீட்டருக்குக் குறையாத குவியலாகப் போடுங்கள். சிறிய குவியல் மலைக் குளிரில் சூடேறாது. உள்ளே 55 டிகிரியைத் தாண்டிய வெப்பம் பல நாட்கள் நீடித்து, புரட்டும்போது வெளிப்புறத்தில் இருந்தவையும் உள்ளே போனால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். மழையில் நனைந்தால் சத்து கரைந்து ஓடையில்தான் சேரும் என்பதால் தார்ப்பாய் கட்டாயம். மூக்கைத் துளைக்கும் காரநெடி வந்தால் இன்னும் சருகு போடுங்கள். அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று புரட்டிவிடுங்கள்.

கேரட்டைப் பேரக்குழந்தைகள் பாத்தியிலிருந்து பிடுங்கிப் பச்சையாகவே தின்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மண்ணைத் தொடும் விளைபொருளென்றால், மட்காத எருவை இட்டதற்கும் அறுவடைக்கும் இடையே 120 நாட்களாவது கழிய வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. அந்தப் பாத்திக்கு முழுமையாக மட்கியதைத் தவிர வேறெதையும் இடாதீர்கள். வீட்டு நாயின் கழிவு குவியலின் பக்கமே வரக்கூடாது.

இங்கே நல்ல சாணம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. வெயிலில் காய்ந்து சத்துப் போன வறட்டியைத்தான் மூட்டையில் கட்டி விற்கிறார்கள். மாட்டின் சிறுநீரில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) நிறைந்திருப்பதால், கோமியம் ஊறிய தொழுவக் கூளத்தையே நான் கேட்டு வாங்குகிறேன். அதில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் இருந்தால் பொறுக்கிக் கோழிகளுக்குப் போட்டுவிடுவேன். இல்லையேல் வண்டாகித் தென்னங்குருத்தைக் குடையும்.

உங்கள் மகன் அடுத்த முறை சேலத்துக்கு வண்டி அனுப்பும்போது, காப்பிப் பழத்தோல் சில மூட்டை ஏற்றிவிடச் சொல்லுங்கள். அதே வண்டியில் மட்கிய ஆட்டெருவை அனுப்பிவைக்கிறேன். கேரட் பாத்திக்கு ஆகும்.

அன்புடன்,
இராமலிங்கம்