மூன்று சுழி தெரிய வேண்டும்

திருமங்கலம்
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கடையில் ஆவணி முகூர்த்தக் கல்யாணப் பத்திரிகை அச்சு வேலை குவிந்துவிட்டதால் இன்றைக்குத்தான் கை ஒழிந்தது. மூட்டுவலி தேவலையா?

ஓய்வுக்குப் பிறகு வீட்டிலிருந்தே புரூஃப் பார்த்து அச்சுப்பிழை திருத்தப் போகிறேன், 27 இன்ச் மானிட்டர் வாங்கினால் கண்ணுக்குச் சுகம்தானே என்று கேட்டிருந்தாய். நானும் அப்படி நினைத்துத்தான் போன வருஷம் மதுரை டவுன் ஹால் ரோட்டில் ஒன்றை வாங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, மடியில் பிள்ளையைப் போல வைத்துக்கொண்டு வந்தேன். எழுத்து பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஓரமெல்லாம் கொரகொரவென்று இருந்தது.

அது ஃபுல் எச்டி. 24 இன்ச்சாக இருந்தாலும் 27 இன்ச்சாக இருந்தாலும் குறுக்கே அதே 1920 ஒளிப்புள்ளிகள்தான், பிக்சல் என்பார்களே அது. சுமார் 53 சென்டிமீட்டரில் இருந்ததை 60 சென்டிமீட்டருக்கு இழுத்து விரித்தால் என்ன ஆகும்? 24-இல் இன்ச்சுக்கு 92 புள்ளி, 27-இல் 82. ஆங்கிலம் அடிக்கிறவனுக்கு இது பெரிய குறையில்லை. நமக்கு அப்படியா? ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. சின்ன எழுத்தில் அந்த மூன்றாவது சுழி பக்கத்துச் சுழியோடு அப்பிக்கொள்கிறது. ஒரு பத்திரிகையில் 'மனமகள்' என்று அச்சாகி, பெண்வீட்டார் கட்டோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். முந்நூறு கார்டு என் கைக்காசு. மானிட்டர் மேல் மட்டும் பழி போட மாட்டேன், தூக்கக் கலக்கமும் உண்டு.

பெரிதாக்கிப் பார்க்கலாமே என்பாய். பக்கம் முழுசாகத் தெரிய வேண்டும் என்றுதானே அவ்வளவு பெரிதை வாங்கினேன்! அதனால் அதை மகளிடம் தள்ளிவிட்டு, அதே 27-இல் 2560-க்கு 1440 உள்ளதாக எடுத்தேன். இன்ச்சுக்கு 109 புள்ளி. புள்ளி வைத்த எழுத்து புள்ளியோடு தெரிகிறது. அதைவிடப் புள்ளி கூடின 4கே இன்னும் கூர்மைதான். ஆனால் அதில் விண்டோஸை 150 சதவீதம் பெரிதாக்கினால்தான் படிக்க முடியும். பக்கம் அமைக்க நான் இன்னும் விடாமல் வைத்திருக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர் அந்தப் பெரிதாக்கலுக்கு ஒத்துவராத காலத்துச் சரக்கு. எழுத்தும் மெனுவும் மங்கலாகிவிடும்.

திரை ஐபிஎஸ் என்கிற பேனல் வகையா என்று கேட்டு வாங்கு. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. என் கடையில் மாமனார், சித்தப்பா, தாய்மாமன் என்று நாலு பேர் சுற்றி நின்று குங்குமக் கலரைப் பார்ப்பார்கள், எனக்கு அது அவசியம். உனக்கு அவ்வளவு இல்லை. திரை பளபளக்காமல் இருந்தால் போதும், உன் வீட்டு ஜன்னல் எப்படியும் முதுகுக்குப் பின்னால்தானே.

அப்புறம் ஸ்டாண்டு. இதைக் கடையில் யாருமே சொல்லவில்லை. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, அடியில் இரண்டு பேப்பர் ரீம் வைத்து உயர்த்தினேன். ஒரே வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. நமக்கெல்லாம் வெள்ளெழுத்துக் கண்ணாடி. கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் அடியில் இருக்கிறது. அதன் வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கித் தூக்கிக் கழுத்து போய்விட்டது. நம் மாதிரி ஆட்களுக்குத் திரை தாழ்ந்துதான் இருக்க வேண்டும். ஏற்றி இறக்குகிற ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள். கொடு.

ஒரே சந்தேகம் உன் சிபியு மேல்தான். பையன் காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது அல்லவா? அந்தக் காலத்து மெஷின்கள் சிலவற்றில், மானிட்டர் ஒயர் செருகுகிற எச்டிஎம்ஐ ஓட்டை 1920-க்கு 1200-ஐத் தாண்டாது, என்னுடையதைப் போன்ற 2560 மானிட்டரை வாங்கியும் பிரயோஜனம் இருக்காது. டிஸ்ப்ளே போர்ட் என்கிற இன்னொரு வகை ஓட்டை இருந்தால் கவலையில்லை. நீலக் கலரில் 15 ஓட்டை உள்ள விஜிஏ மட்டும்தான் என்றால், 24 இன்ச் ஃபுல் எச்டியோடு நின்றுகொள். அதுவே புரூஃபுக்குத் தாராளம். வாங்குகிற மானிட்டரில் விஜிஏ இருக்கிறதா என்று மட்டும் பார், இப்போது நிறைய மாடல்களில் அதை எடுத்துவிட்டார்கள்.

சிபியுவைத் திருப்பிப் பின்பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாண்டி