செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, பென்னாகரம், அஞ்செட்டி பக்கமிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. மரக்கன்று நடுதலும் பள்ளி வினாடி வினாவும் வழக்கம்போல் நடந்து முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நீர்நாயைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நம் காவிரியில் இருக்கும் வழவழப்பான மயிர் கொண்ட நீர்நாய், உலக அளவிலேயே அழிய வாய்ப்புள்ள இனம். தோலுக்காகவும் வளர்ப்புக்காகவும் கடத்தல் பெருகியதால், 2019இல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் நாடுகள் இதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்டன. 2022 நவம்பரில் நம் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. அப்புறம் என்ன கவலை என்று சிலர் கேட்கிறார்கள். காட்டுக்கு எல்லை போடலாம், ஆற்றுக்குப் போட முடியுமா? மேலே அணையில் திறக்கும் தண்ணீரும் கலக்கும் கழிவும் இங்கேதானே வந்து சேர்கின்றன.

மே மாதக் கடைசிப் புதன், உலக நீர்நாய் தினம். அன்று நடந்த கூட்டத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த வுல்வரின் பற்றிப் பேசினோம். அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, சைபீரியா போன்ற குளிர்நாட்டு விலங்கு அது. பெண் வுல்வரின் ஆழமான பனியைக் குடைந்து குட்டி போடும். வெப்பம் கூடி அந்தப் பனி சீக்கிரமே உருகுகிறது. அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் மிஞ்சியிருப்பவை சுமார் 300தான். 2023 நவம்பரில் அங்கே அதைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். வேட்டையை நிறுத்தினாலும் குட்டி போட இடம் இல்லையென்றால் எந்த இனமும் தழைக்காது. நம் நீர்நாய்க்கு அந்த இடம் கரையோர வளையும் பாறை இடுக்கும் மரவேரும்தான். மணல் அள்ளி, புதர் வெட்டி, கரையை மொட்டையாக்கினால் அது எங்கே போகும்?

நீர்நாயால் வலை கிழிகிறது என்று மீனவர்கள் சொல்வது உண்மை. ஒரு வலை போனால் அந்த வீட்டில் பல நாள் வருமானம் போகிறது. அவர்களைப் பகைத்துக்கொண்டு நீர்நாயைக் காக்க முடியாது, காக்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் தோட்டா போட்டு, அதாவது தண்ணீரில் வெடி வைத்து, மீன் பிடிப்பது வேறு விஷயம். குஞ்சு மீன் வரை செத்துப்போகும். மீனவருக்கும் மிஞ்சாது, நீர்நாய்க்கும் மிஞ்சாது. பரிசல்காரர்களும் நம்மிடம் இதையே சொன்னார்கள்.

ஆகவே, கிழிந்த வலைக்கு இழப்பீடும் தோட்டாவுக்குக் கடும் நடவடிக்கையும் கேட்டு வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் மனு கொடுக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. மனுவில் மீனவர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். பேரவை இதற்கு ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்