ஓய்வுபெற்ற கல்வியியல் பேராசிரியரை ஔவையார் விருதுக்குப் பரிந்துரைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கல்வியியல் கல்லூரி முன்னாள் மாணவியர்,
(உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம் வட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியைகள்),
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: கல்வியியல் பேராசிரியராகவும் பெண்கள் உரிமைக்காகவும் பணியாற்றி ஓய்வுபெற்ற எங்கள் ஆசிரியரின் பணியைக் கள விசாரணை செய்து, ஔவையார் விருதுக்குப் பரிந்துரைக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஆண்டுதோறும் உலக மகளிர் தினத்தன்று சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை வழங்கும் ஔவையார் விருதுக்கு, எங்களுக்கு ஆசிரியப் பயிற்சி அளித்த பேராசிரியர் ஒருவரைத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டு இம்மனுவை அளிக்கிறோம். அவர் தாமாக விண்ணப்பிக்க மறுத்துவிட்டார். அவரால் குடும்பத் துன்பத்திலிருந்து மீண்ட பெண்களின் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்பதால், அவரது பெயர், முகவரி, பணிச்சான்றுகள் ஆகியவற்றை மூடிய உறையில் தனியே இணைத்துள்ளோம்.

முன்பு ஓர் அலுவலகத்தில் இதே கோரிக்கையை வாய்மொழியாகச் சொன்னபோது, "சம்பளம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவருக்குச் சமூக சேவை விருது எப்படிக் கொடுப்பது?" என்று கேட்டார்கள். கேள்வியில் தவறில்லை; ஆனால் அவர் செய்தது என்ன என்று கேட்டுவிட்டு முடிவு சொல்லியிருக்கலாம். அதனால்தான் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எண்பதுகளில் உசிலம்பட்டி வட்டாரத்தில் நடந்த பெண் சிசுக்கொலை பத்திரிகைகளில் வெளிவந்தபோது, வெளியூரிலிருந்து பலரும் வந்து படம் பிடித்துச் சென்றனர். ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய எழுத்துகளும் வந்தன. அப்போது இளம் விரிவுரையாளராக இருந்த எங்கள் பேராசிரியர், அவ்வூர்களுக்கு ஆசிரியைகளாகப் போகவிருக்கும் பெண்களுக்கு நாம் என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று தம் துறைக் கூட்டத்திலேயே கேட்டார். வளர்க்க இயலாத பெண் குழந்தையைப் பெற்றோர் அரசின் தொட்டிலில் ஒப்படைக்கலாம் என்று அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் வந்தது. தொட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றும்; அந்த உயிர் வளர்ந்து ஆறாம் வகுப்பில் சேர்ந்தபின் பத்தாம் வகுப்பு வரை வருகிறதா என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை என்பது அவர் கருத்து.

அதை அவர் பயிற்சியாகவே மாற்றினார். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிகளுக்குச் செல்லும் நாங்கள், பாடக்குறிப்பேட்டுடன் இன்னொரு நோட்டும் வைத்திருக்க வேண்டும். வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, நீண்ட நாள் வராத மாணவியரின் பெயர்களை அதில் எழுதி, தலைமையாசிரியரின் அனுமதியோடு அவர்கள் வீட்டுக்குச் சென்று வர வேண்டும். "படிப்பில் ஆர்வமில்லை" என்று எழுதிக்கொண்டு போனால் நோட்டு திரும்பி வந்துவிடும். "ஆர்வமில்லை என்று யார் சொன்னது, அவளா, அவள் அப்பாவா?" என்று சிவப்பு மையில் கேட்டிருப்பார். சடங்கு முடிந்தபின் அனுப்பவில்லை, தாய்மாமனுக்குப் பேசி வைத்திருக்கிறது, பள்ளியில் கழிப்பறைக்குக் கதவில்லை, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று உண்மையான காரணங்கள் அதன்பிறகே நோட்டுக்கு வந்தன.

எங்களில் ஒருவர் பயிற்சிக்குச் சென்ற பள்ளியில், தினமும் தாமதமாக வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டாள். மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால், பூ அதிகம் வரும் மாதங்களில் அவள் விடியுமுன்பே தோட்டத்தில் நின்றாள். பேராசிரியர் அப்பள்ளிக்கு நேரில் வந்து, தண்டனையை நிறுத்தும்படி கேட்டதோடு நிற்கவில்லை. முதல் பாடவேளையில் அவள் இழந்தது கணிதம் என்பதைக் கண்டு, மதிய இடைவேளையில் அதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை எங்கள் தோழியிடம் ஒப்படைத்தார். அதற்கான பாடக்குறிப்பையும் மதிப்பெண்ணுக்கு எடுத்துக்கொண்டார். 2014ஆம் ஆண்டின் தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகளால் பி.எட். படிப்பு ஈராண்டாக ஆனபோது, பாலினம், பள்ளி, சமூகம் என்பது ஒரு தாளாகவே பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. எங்களுக்கு அது தேர்வுத்தாள் ஆவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுப்பாடமாக இருந்தது.

1989இல் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பெண்ணின் படிப்பும் ஒரு நிபந்தனை என்பதை ஊர் ஊராகத் தாய்மார்களிடம் எடுத்துச் சொல்லி, அதைக் காட்டியே பல சிறுமியரின் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஆனாலும், கல்யாணத்துக்குக் கொடுக்கும் பணத்தைப் படிக்கும்போதே கொடுத்தால் என்ன என்று அதிகாரிகள் வந்த கூட்டங்களிலும் கேட்பார். அத்திட்டம் 2022இல் உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டமாக மாற்றப்பட்டபோது எங்களைவிட மகிழ்ந்தவர் அவர்தான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தபின், அத்தகைய புகார்களைப் பணியிடத்திலேயே விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்கள் சிலவற்றில் வெளி உறுப்பினராக இருந்து வருகிறார். பல இடங்களில் குழு என்பது சுவரில் மாட்டிய பெயர்ப்பலகையோடு சரி என்பது தாங்கள் அறியாததல்ல. அவர் இருக்கும் குழுக்களில், புகார் எழுத்தில் வந்ததா என்று முதலில் பார்ப்பார். எழுதத் தெரியாத துப்புரவுப் பணியாளர் என்றால், சட்டம் சொல்லும் உதவியைச் செய்து எழுத வைப்பார். விசாரணையை 90 நாட்களுக்குள் முடிக்கும்படி நிர்வாகத்தை விடாமல் கேட்பார். இதனால் சில நிர்வாகங்கள் அவரை மறுமுறை அழைக்கவில்லை. அதையும் அவரது தகுதியாகவே நாங்கள் கருதுகிறோம்.

கல்வியையும் பெண்கள் நலனையும் தனித்தனித் துறைகளாகப் பார்ப்பது இந்த மண்ணின் வழக்கமும் அல்ல. 1947இல் காந்திகிராமத்தை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் சௌந்தரம் இராமச்சந்திரன், மருத்துவத்தையும் பள்ளியையும் பெண்களுக்கான பணிகளையும் ஒரே இடத்தில் வளர்த்தார். 1948இல் கேட்டி வில்காக்ஸ் அம்மையார் மதுரையில் லேடி டோக் கல்லூரியைத் தொடங்கியதும் பெண்கள் உள்ளூரிலேயே பட்டம் பெற வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் பேராசிரியர் நிறுவனம் எதையும் தொடங்கவில்லை. அவரிடம் காட்டுவதற்குக் கட்டடமோ கல்வெட்டோ இல்லை. அவரிடம் பயின்று இன்று அரசுப் பள்ளிகளில் நிற்கும் ஆசிரியைகள் இருக்கிறோம்.

எனவே, மாவட்டச் சமூக நல அலுவலர் வாயிலாகக் கள விசாரணை நடத்தி, விருதுக்கான கருத்துருவைத் தங்கள் பரிந்துரையுடன் அரசுக்கு அனுப்பி வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். விசாரணைக்கு வரும் அலுவலரிடம் எங்கள் பயிற்சிக்கால நோட்டுகளில் எஞ்சியிருப்பவற்றைக் காட்டவும், விடுமுறை நாளில் அழைத்தாலும் நேரில் வந்து வாக்குமூலம் அளிக்கவும் ஆயத்தமாக உள்ளோம். அந்த நோட்டுகளை, மாணவியரின் பெயர்களை மறைத்து, மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பாதுகாக்க இயலுமானால் அதற்கும் ஆவன செய்ய வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் மாணவியர்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: மதுரை