இரண்டு டேட்டாபேஸ், ஒரே முகூர்த்த நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு வெப்சைட்டுக்குத் தகவல்களைச் சேமித்து வைக்க ஒரே டேட்டாபேஸ் என்ற காலம் போய்விட்டது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி டேட்டாபேஸ் வைத்துக்கொள்வதுதான் சரி என்று எழுதியிருந்தார்கள். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு மறுநாளே செய்து பார்ப்பார்கள் என்பதால் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாண மண்டபங்களை முன்பதிவு செய்யும் வெப்சைட் ஒன்றை நாங்கள் நாலு பேர் சேர்ந்து எழுதினோம். பதிவு, பணம், ரசீது எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில். எந்தத் தேதி காலி என்று காட்டும் காலண்டர் மட்டும் மாங்கோடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸில், வேகமாக இருக்கும் என்று நினைத்து. பணம் கட்டியதும் போஸ்ட்கிரெஸில் பதிவு ஏறும், அப்புறம் மாங்கோவில் அந்தத் தேதி மூடப்படும். இந்த இரண்டுக்கும் நடுவில் சர்வர் நின்றால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நாள் மதியம் புது வெர்ஷனைப் போட சர்வரை ரீஸ்டார்ட் செய்தபோது ஒரு பதிவு சரியாக அந்த நடுவில் மாட்டிக்கொண்டது. பணம் ஏறிவிட்டது, தேதி மூடப்படவில்லை. வைகாசியில் நல்ல முகூர்த்த நாள் அது, சும்மா கிடக்குமா, இரண்டே நாளில் இன்னொரு குடும்பம் எடுத்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து மண்டப மேலாளர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேஜை மேல் இரண்டு ரசீதுகள், ஒரே மண்டபம், ஒரே தேதி. முதலில் பதிவு செய்த பெண்ணின் அப்பா பத்திரிகையே அடித்துவிட்டார், நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு மண்டபம் கிடைத்தது, மற்றவர் தேதியையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த நிரலை எழுதியவன் நான், இன்றைக்கும் உறுத்துகிறது.

இரண்டும் ஒரே டேட்டாபேஸில் இருந்திருந்தால் இரண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனில், அதாவது நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது என்கிற ஒரே கட்டில், போட்டிருக்கலாம், நடுவில் எது செத்தாலும் மொத்தமும் ரோல்பேக் ஆகிப் பழைய நிலைக்கே திரும்பியிருக்கும். மண்டபமும் தேதியும் சேர்ந்து இன்னொரு தடவை வரக்கூடாது என்று டேபிளிலேயே ஒரு வரி யுனிக் கட்டுப்பாடு போட்டிருந்தால் இரண்டாவது பதிவு ஏறியிருக்கவே செய்யாது. அதைக் காலண்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். டிரான்ஸாக்ஷனின் காவல் அந்தந்த டேட்டாபேஸின் வாசலோடு சரி. வெப்சைட் எழுத உதவும் கருவிகளில் ஜாங்கோ 2010-லேயே பல டேட்டாபேஸ்களைச் சேர்க்க வழி கொடுத்தது, ரெயில்ஸ் 2019-இல் 6-ஆம் பதிப்பில் கொடுத்தது, அதனால் இணைப்பது என்னவோ சுலபம்தான். ஆனால் ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்கு ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளின் வரியோடு கட்டும் இணைப்பு, போடுவதற்கு ஆதரவில்லை என்று ஜாங்கோவின் கையேடே சொல்கிறது. இரண்டு டேட்டாபேஸிடமும் முதலில் 'தயாரா' என்று கேட்டுவிட்டுப் பிறகு இரண்டிலும் முடிக்கும் டூ ஃபேஸ் கமிட் இருக்கிறதே என்பார்கள். போஸ்ட்கிரெஸில் அதற்கான அமைப்பு தொடக்கத்திலேயே பூஜ்யமாக, அதாவது அணைத்துத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. திறந்தாலும் நடுவில் அதை ஒருங்கிணைக்கும் நிரல் விழுந்துவிட்டால் பூட்டிய வரிகள் யாராவது வந்து விடுவிக்கும்வரை பூட்டியே கிடக்கும்.

பேக்கப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஒன்றை ராத்திரி 2 மணிக்கும் மற்றதை 3 மணிக்கும் எடுத்தால், திரும்ப ஏற்றும்போது நடுவில் இருந்த ஒரு மணி நேரப் பதிவுகள் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது.

இரண்டாவது டேட்டாபேஸே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாங்களும் செஷனுக்கு, அதாவது யார் லாகின் செய்திருக்கிறார் என்று நினைவில் வைக்க, ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் வைத்திருக்கிறோம், தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற இன்னொன்று வைத்திருக்கிறோம். ரெடிஸ் போனால் எல்லோரும் இன்னொரு தடவை லாகின் செய்வார்கள், தேடல் போனால் போஸ்ட்கிரெஸிலிருந்து திரும்பக் கட்டிக்கொள்ளலாம். இப்படி அழித்துவிட்டாலும் மீட்டுவிடலாம் என்கிற விஷயங்களைத் தனியாக வைப்பதில் பயமில்லை. பணமும் தேதியும் அப்படிப்பட்டவை இல்லை. அவற்றையும் பிரித்தே ஆகவேண்டும் என்றால், பதிவு ஏறும் அதே டிரான்ஸாக்ஷனில் 'இதை அங்கே சொல்ல வேண்டும்' என்று அவுட்பாக்ஸ் டேபிளில், அதாவது அனுப்ப வேண்டியவற்றின் பட்டியலில், ஒரு வரி எழுதிவிட்டு, பின்னணியில் ஓடும் தனி வொர்க்கர் நிரல் அதை எடுத்து மற்ற டேட்டாபேஸில் சேர்க்கும்படி செய்ய வேண்டும். ஒரே செய்தி இரண்டு தடவை போகலாம், வாங்குகிற பக்கம் அதை ஒரே தடவை வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அது சேரும்வரை மற்ற டேட்டாபேஸ் பழையதைத்தான் காட்டும், அதனால் தேதி காலியா என்ற கடைசி முடிவு பதிவு ஏறும் இடத்திலேயே நடக்க வேண்டும்.

இந்த அவுட்பாக்ஸ் முறையையும் பேக்கப் சிக்கலையும் படத்தோடு விளக்கி அதே பக்கத்தில் இன்னொரு கட்டுரை போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் காலண்டரை போஸ்ட்கிரெஸுக்கே கொண்டுவந்துவிட்டோம். ஒரே ஒரு டேபிள். வேகம் குறைந்துவிட்டது என்று இதுவரை எந்த மண்டபத்துக்காரரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வெப் டெவலப்பர் ஒருவர்,
மதுரை