குழந்தையைக் காணோம் என்றால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காணாமல் போன பிள்ளையைத் தேடி அப்பாவோ அம்மாவோ ஒற்றையாளாக அலையும் திகில் படங்களை இப்போது வீட்டுக்கு வீடு பார்க்கிறார்கள். அவற்றில் அடிக்கடி ஒரு காட்சி வரும். "24 மணி நேரம் ஆகட்டும், அப்புறம் வாங்க" என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கதைக்கு அது விறுவிறுப்பு. ஆனால் நம் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் அதைச் சட்டம் என்றே நம்பி, "அம்மிச்சி ஊட்டுக்குப் போயிருப்பானுங்க, பொழுது விழட்டும்" என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையவே கிடையாது.

18 வயது நிரம்பாத யாரைக் காணோம் என்று புகார் வந்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், கடத்தலாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரிக்க வேண்டும் என்பது 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. பலர் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு, கேஸ் போட்டாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். அது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டுமே. எஃப்.ஐ.ஆர். நகலைக் கேட்டு வாங்குங்கள், அதற்குக் காசு கிடையாது. "இது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பதிலும் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173ஆம் பிரிவின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பங்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகின்றன. பக்கத்து வீட்டார் ஒருவர் கூடப் போய்ப் பேசினாலே பாதி வேலை முடியும்.

சின்னக் குழந்தை என்றால் தெருவுக்கு ஓடும் முன் தண்ணீரைப் பாருங்கள்: கிணறு, தரைத்தொட்டி, கீழ்பவானி வாய்க்கால் கரை. பிறகு கட்டிலடி, பரண், பூட்டி நிற்கும் கார். ஒருவர் தேடும்போதே இன்னொருவர் 112 அவசர எண்ணுக்கும் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசிவிட வேண்டும். ரயிலில் போயிருக்கலாம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும் ரயில்வே உதவி எண் 139.

கொடுக்கும் போட்டோவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். காதுகுத்துக்கு மேக்கப் போட்டு எடுத்த படமோ, ஃபில்டர் போட்ட செல்ஃபியோ உதவாது. கடைசி இரண்டு மூன்று மாதத்துக்குள், முகம் நேராகத் தெரிகிற படம் ஒன்று, முழு உருவம் ஒன்று. கூடவே உயரம், மச்சம், விழுந்த பல், சட்டையின் நிறம், காலில் இருந்தது என்ன செருப்பு என்று எழுதிக் கொடுங்கள். சட்டையை மாற்றிவிட முடியும். செருப்பை மாற்றுவது அபூர்வம்.

கேமராப் பதிவு காத்திருக்காது. கேமராவின் பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். பேக்கரியிலும் மளிகைக் கடையிலும் இருக்கும் பெட்டி ஒரு வாரம், பத்து நாள் தாங்கினால் பெரிது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துபோன பெட்டியில் கரண்ட் போய் வந்தால் கடிகாரம் தப்பிவிடும். திரையில் 4.10 என்று காட்டும்போது உண்மையில் மணி 5.25 ஆக இருக்கலாம். அந்தத் திரைக்கு அருகில் உங்கள் செல்போனின் மணி தெரியும்படி வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், எத்தனை நிமிட வித்தியாசம் என்பது பிடிபடும். இதைப் பார்க்காமல் தப்பான பஸ்ஸைத் துரத்தி ஒரு நாளையே இழந்துவிடலாம். கோவையில் இது இன்னும் முக்கியம். பழனி, பொள்ளாச்சிக்கு உக்கடம், மதுரை, திருச்சிக்குச் சிங்காநல்லூர், ஊட்டிக்கு மேட்டுப்பாளையம் ரோடு என்று திசைக்கொரு பஸ் நிலையம். நேரம் சரியாகத் தெரிந்தால்தான் எந்த நிலையத்துக்கு ஆளை அனுப்புவது என்று சொல்ல முடியும்.

பிள்ளையிடம் செல்போன் இருந்தால் சொந்தக்காரர்கள் எல்லோரும் மாறி மாறி அழைக்காதீர்கள், பேட்டரி இறங்கிவிடும். ஒருவர் மட்டும் அழைக்கட்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள், அந்தக் கணக்கு போனிலிருந்து கழன்று இருப்பிடம் தெரியாமல் போகலாம். போன் வாங்கிய அட்டைப்பெட்டியில் ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்) இருக்கும், பெட்டியோடு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போங்கள்.

நான்கு மாதமாகியும் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். ஆளைக் கண்டுபிடித்து நேரில் நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு என்றால் கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் சென்னைக்கும், கரூர்க்காரர்கள் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும்.

வாட்ஸாப்பில் அனுப்பும்போது தேதி, ஸ்டேஷன் பெயர், எஃப்.ஐ.ஆர். எண் மூன்றும் இருக்கட்டும். 'பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள்' என்ற வதந்தியை மட்டும் யாரும் தள்ளிவிடாதீர்கள். 2018இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் அந்த வதந்தி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். 'காணவில்லை' செய்தி போடுகிற அதே பக்கத்தில், பிள்ளை கிடைத்ததும் பெயரும் படமும் இல்லாமல் இரண்டு வரி போடுங்கள். குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்தப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி குற்றம். பழைய படங்களை ஃபோன்களிலிருந்து அழிக்கச் சொல்லி அங்கேயே ஒரு வரி சேர்த்தால், அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போகும்போது அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெருந்துறை