எவான்ஸை விடலாமா?

டாம்பா,
பிப்ரவரி 2026

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. ஆபீஸில் ஆடிட் நேரம், அதனால்தான் தாமதம், கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. நடக்கச் சொன்னால் உன்னைத் திட்டுகிறார்கள் என்றால் பழைய தெம்பு வந்துவிட்டது என்றே அர்த்தம். திட்டு வாங்கிக்கொண்டே நடக்க வை. வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவனுக்கு ஆர்லாண்டோவில் வேலை கிடைத்துவிட்டது. வாரக்கடைசியில் அழுக்குத் துணி மூட்டையோடு வந்து இறங்குகிறான். அவன் அம்மாவுக்கு அதுவே சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சார்லட்டுக்குக் குடிபோன மூன்றே வருஷத்தில் நீ அந்த ஊர் அமெரிக்க ஃபுட்பால் அணியான பாந்தர்ஸின் முழு ஆளாக மாறிவிட்டாய். இல்லாவிட்டால் "32 வயசு ஆளுக்கு இன்னும் எதுக்குடா காசு?" என்று, ஒப்பந்தம் முடிகிற எங்க டாம்பா பக்ஸ் (பக்கனியர்ஸ்) அணியின் ரிசீவர், அதாவது பாஸைப் பிடிக்கிற ஆட்டக்காரன், மைக் எவான்ஸைப் பற்றி இப்படி எழுதியிருக்க மாட்டாய். நம்ம இரண்டு அணியும் இருக்கிற டிவிஷனை (பிரிவை) ஜெயித்த திமிர். அதுவும் எப்படி ஜெயித்தீர்கள்? கடைசி வாரம் 16-14 என்று நாங்கள் உங்களை அடித்தோம். மறுநாள் அட்லாண்டா நியூ ஆர்லியன்ஸை ஜெயித்ததால் நாங்கள், நீங்கள், அட்லாண்டா என்று மூன்று அணிகளும் 8 வெற்றி, 9 தோல்வியில் சமமாகி, சமநிலையை உடைக்கிற டைபிரேக்கர் விதியில் உங்களுக்குப் போனது. 6-2 என்று சீசனை ஆரம்பித்துவிட்டு மிச்சம் ஒன்பதில் இரண்டு மட்டும் ஜெயித்த எங்களுக்கு வாய் பேச உரிமை இல்லைதான். இருந்தாலும் பேசுவேன்.

உன் வாதத்தில் பாதி சரி. ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடைத் தசை) என்பது எவான்ஸின் கூடப் பிறந்த தொல்லை. 2019 டிசம்பரில் டச்டவுன் (எதிரணியின் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்) பாஸைப் பிடித்துக்கொண்டு ஓடும்போதே இழுத்துக்கொண்டது. 2024-இல் மூன்று ஆட்டம் அதனாலேயே போனது. போன செப்டம்பரில் மறுபடி. அதிலிருந்து திரும்பிய முதல் நாளே டெட்ராய்ட்டில் தரையில் மோதி, காலர் எலும்பு முறிவு, தலையில் அடி. ஆக மொத்தம் 17 ஆட்டங்களில் 8 ஆடினான். 30 கேட்ச், 368 யார்டு, 3 டச்டவுன். பதினொரு வருஷம் விடாமல் ஆயிரம் யார்டு தாண்டியவனின் கணக்கு அங்கே நின்றது. ஆகஸ்ட் வந்தால் 33.

இதில் ஒரு வேடிக்கை கவனித்தாயா? தொடர்ந்து 11 சீசன் ஆயிரம் யார்டு எடுத்தவர்கள் இரண்டே பேர். சான் பிரான்சிஸ்கோவின் ரிசீவர் ஜெர்ரி ரைஸ் 1986 முதல் 1996 வரை, எவான்ஸ் 2014 முதல் 2024 வரை. ரைஸின் வரிசை அறுந்தது எங்கே? 1997-இன் முதல் ஆட்டத்தில், நம்ம டாம்பாவில்தான். எங்க டிஃபென்ஸ் ஆள் வாரன் சாப் இழுத்துப் போட்டதில் முட்டி தசைநார் கிழிந்தது. ஒருவன் சாதனையை உடைத்த ஊரே அதே சாதனையைத் தொட இன்னொருவனைக் கொடுத்தது. அந்தப் பன்னிரண்டாவது வருஷம் இருவரில் யாருக்கும் வாய்க்கவில்லை.

ரைஸை வைத்துத்தான் நீயும் பேசியிருக்கிறாய், ஆனால் கதையைப் பாதியில் விட்டுவிட்டாய். 2001-இல் சான் பிரான்சிஸ்கோ அவனை விடுவித்தது உண்மை. அடுத்து ஓக்லண்டுக்குப் போய், 40-ஐத் தொட்ட 2002 சீசனில் 92 கேட்ச், 1,211 யார்டு எடுத்ததும் உண்மைதானே? அந்த அணியைச் சூப்பர் பௌல் இறுதி ஆட்டம் வரை கூட்டிப் போனவர்களில் அவனும் ஒருவன். அங்கே 48-21 என்று அவர்களை உரித்தது நம்ம பக்ஸ், அது வேறு விஷயம். வயசு எல்லோருக்கும் ஒரே தேதியில் வருவதில்லை. உங்க பழைய ரிசீவர் ஆடம் தீலனையே பார். 33 வயசில், 2023-இல், அந்தக் கண்ராவி பாந்தர்ஸ் அணியில் 103 கேட்ச் பிடித்தான். போன வருஷம் சொந்த ஊர் மினசோட்டா பாசத்தோடு திரும்ப அழைத்துக்கொண்டது. சீசன் முடிவதற்குள் விட்டும்விட்டது. உன் பக்கத்துக்கு ஒன்று, என் பக்கத்துக்கு ஒன்று. ஆகவே வயசை வைத்து அடித்துப் பேசுவதை இருவருமே நிறுத்துவோம்.

பாசத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இல்லை என்று சொன்னால் பொய். 2025 ஜனவரியில் நீ இங்கே வந்திருந்தபோது சேர்ந்து போனோமே, நியூ ஆர்லியன்ஸோடு கடைசி ஆட்டம். 27-19, இன்னும் 36 நொடிதான். எங்க குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவன்) மேஃபீல்ட் முட்டி போட்டு நேரத்தைக் கரைத்தால் வேலை முடிந்தது. எவான்ஸுக்கு 995 யார்டு. ஆட்டம் ஜெயித்தாகிவிட்டது, அரங்கில் ஒருவரும் எழுந்து போகவில்லை. மேல்தட்டில் முன்வரிசைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ கத்திய கத்து எனக்கு ஞாபகம் இருக்கிறது, பாந்தர்ஸ் சட்டைக்காரனே! சின்ன பாஸ், பிடித்துக்கொண்டு ஒன்பது யார்டு. மொத்த பெஞ்சும் மைதானத்துக்குள் ஓடி அவன் மேல் விழுந்தது. அந்த ஒரு கேட்சில் 30 லட்சம் டாலர் போனஸும் கையில் விழுந்தது என்பது நமக்கு வண்டி நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போதுதான் தெரிந்தது. ஒருவனுக்காக ஒரு அணியே இப்படி ஓடி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

இருந்தாலும், அந்த 36 நொடிக்கு 2026-இல் சம்பளம் கொடுக்கக் கூடாது. அதில் உன் கட்சிதான் நான். அடுத்த செப்டம்பரில் என்ன கிடைக்கும் என்பதற்குத்தான் காசு.

என்ன கிடைக்கும்? இதில்தான் நீ டிவியில் ஹைலைட்ஸ் மட்டும் பார்க்கிறாய் என்று சந்தேகம். எவான்ஸ் எப்போதும் ஓட்டத்தை மட்டும் நம்பி ஆடியவன் இல்லை. ஆறடி ஐந்து அங்குலம். பள்ளியில் பாஸ்கெட்பால் ஆடியவன், ஃபுட்பாலுக்குக் கடைசி வருஷத்தில்தான் வந்தான். டச்டவுன் விழும் எண்ட் ஸோனின் மூலையில் அவன் செய்வதைக் கவனி. அவனைக் காவல் காக்கும் கார்னர்பேக் கூடவே ஒட்டி ஓடுகிறான், முகம் எவான்ஸ் பக்கம். பந்து வருவது அவனுக்குத் தெரியாது. எவான்ஸ் கையைத் தூக்குவதே இல்லை. தூக்கினால் காட்டிக்கொடுத்துவிடும். பந்து தலைக்கு மேல் வந்த பிறகுதான் தோளைத் திருப்பி, கடைசி நொடியில் இரண்டு கையும் மேலே. கூட இருப்பவன் நல்லாத்தான் காவல் காத்திருப்பான், ஆனால் டச்டவுன் விழுந்திருக்கும். இதற்கு இருபத்தைந்து வயசுக் கால் வேண்டாம். 2024-இல் 14 ஆட்டத்தில் 11 டச்டவுன் எடுத்தது இந்தக் கையிருப்பை வைத்துத்தான். டிசம்பரில் காலர் எலும்பு சேர்ந்து திரும்பிய முதல் இரவிலேயே அட்லாண்டாவுக்கு எதிராக 6 கேட்ச், 132 யார்டு. அந்த ஆட்டத்தையும் 29-28 என்று கோட்டை விட்டது எங்க டிஃபென்ஸின் புண்ணியம்.

இன்னொன்று, கணக்கில் ஏறாதது. எவான்ஸ் மைதானத்தின் ஓரத்தில் நின்றால் எதிரணியின் சேஃப்டி (பின்னால் நிற்கும் காவல்காரன்) ஒருவன் அவன் பக்கம் ரெண்டடி சாய்ந்தே நிற்பான். அந்த ரெண்டடிதான் உள்ளே ஓடும் எங்க புது ரிசீவர் எக்பூக்காவுக்கு இடம். போன வருஷம் எவான்ஸ் அடிபட்டு உட்கார்ந்திருந்த வாரங்களில் எதிரணிகள் அந்தப் பையனையே சுற்றி வளைத்தார்கள். முதல் வருஷம் ஆடும் 23 வயசுப் பையன், ஆரம்பத்தில் பிரமாதமாக ஆடினான், அக்டோபருக்குப் பிறகு மூச்சு வாங்கியது. அவனை டிராஃப்ட்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) முதல் ரவுண்டில் எடுத்தது எவான்ஸுக்கு வாரிசாகத்தான், ஒத்துக்கொள்கிறேன். வாரிசு வந்த மறுநாளே பெரியவரைத் திண்ணைக்கு அனுப்பத்தான் வேண்டுமா? இன்னொரு ரிசீவர் காட்வின் இருக்கிறானே என்கிறாய். போன வருஷம்தான் அவனுக்கு மூன்று வருஷத்துக்கு 6.6 கோடி டாலர் கொடுத்தார்கள், அவனும் பாதி சீசன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த ரிசீவர் மக்மில்லன் கழுத்து அடியிலிருந்து வந்தவன். நிச்சயமாக நிற்கக்கூடிய ஆள் என்று ஒருவரையும் காட்ட முடியாத அறையில், இன்னொரு ஆளை வெளியே அனுப்பச் சொல்கிறாய்.

இப்போது காசு. நீ கணக்குக்காரன், ரசிப்பாய். 2024 மார்ச்சில் இரண்டு வருஷத்துக்கு 5.2 கோடி டாலர், அதில் 3.5 கோடி உத்தரவாதம். அந்த ஒப்பந்தத்தின் வாலில் காகிதத்தில் மட்டும் இருக்கிற வெற்று வருஷங்கள் சிலவற்றைச் சேர்த்து, போனஸைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். அவன் கையெழுத்துப் போடாமல் கிளம்பினால் மிச்சம் மொத்தமும் இந்த வருஷச் சேலரி கேப்பில் (ஒரு அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு) ஒரேயடியாக விழும். போனாலும் செலவு, இருந்தாலும் செலவு என்றால், ஆளாவது இருக்கட்டுமே.

இதைவிட நல்ல விஷயம் ஒன்று உண்டு. ஊக்கத்தொகை விதியில், போன வருஷம் எட்டாத இலக்கை 'கிடைக்க வாய்ப்பில்லை' என்று வைத்து, அந்தத் தொகையை இந்த வருஷ கேப்பில் சேர்க்க மாட்டார்கள். எட்டிவிட்டால் அடுத்த வருஷக் கணக்கில் ஏறும். எவான்ஸ் போன வருஷம் பிடித்தது 30 கேட்ச். ஆக 50-க்கு இவ்வளவு, 65-க்கு இவ்வளவு, 8 டச்டவுனுக்கு இவ்வளவு என்று எழுதினால் அத்தனையும் இந்த வருஷம் கணக்குக்கு வெளியே. ஆட்டத்துக்கு ஒரு தொகை என்று வைத்தால், அவன் ஆடியது எட்டுத்தான் என்பதால் மிச்ச ஒன்பதும் அப்படியே. வழக்கமாக அடிபட்ட வருஷம் ஆட்டக்காரனுக்கு நஷ்டம், அணிக்கும் நஷ்டம். இந்த ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கெட்ட வருஷமே ஒப்பந்தத்தை எழுத வழிவிடுகிறது. ஒரே வருஷம், அடிச்சம்பளம் சுமார், மேலே எல்லாம் ஆடினால்தான் காசு. தொடை இழுத்துக்கொண்டால் அணிக்குப் பெரிய சேதமில்லை. ஓடினால் அவன் கேட்ட பணமே கிடைக்கும். கேப் 30 கோடி டாலரைத் தாண்டுகிற வருஷத்தில் இதற்குக்கூட இடமில்லை என்றால் எப்படி?

தோனியை வைத்துக்கொண்டு சி.எஸ்.கே. பட்டது போதாதா என்று நக்கலடித்திருந்தாய். கடைசி இடத்துக்குப் போனதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே 4 கோடி ரூபாய் என்று விலையை விதியே கட்டிவிட்டது, சென்னையோடு போட்டி போட வேறு யாரும் இல்லை. இங்கே மார்ச் இரண்டாவது வாரம் கதவைத் திறந்தால் 31 அணியும் விலை பேசலாம். என் பயமெல்லாம் அதுதான். நல்ல குவார்ட்டர்பேக் வைத்துக்கொண்டு, உயரமான ரிசீவர் இல்லாமல் தவிக்கிற ஏதோ ஒரு அணி மூன்று வருஷம், பெரிய உத்தரவாதம் என்று நீட்டினால் நாம் அதோடு போட்டி போடக் கூடாது. அந்த இடத்தில் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். வயசான தொடைக்கு மூன்றாவது வருஷம் உத்தரவாதம் கொடுப்பவன் தன் காசில் கொடுக்கட்டும். எங்களுக்கு எதிரணி குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து மடக்கும் பாஸ் ரஷ் ஆட்கள் வேண்டும், அந்தப் பணம் அங்கே போகட்டும்.

ஆனால் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும். ஜேசன் லைட் 2014-இல் எங்க அணியின் மேனேஜராக வந்து டிராஃப்ட்டில் எடுத்த முதல் ஆளே எவான்ஸ். பன்னிரண்டு வருஷம் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அவன் காசுக்காக மட்டும் ஆடுகிறவன் இல்லை என்பதும் லைட்டுக்குத் தெரியும். எங்க பழைய குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் அறுநூறாவது டச்டவுன் பந்தை என்னவென்றே தெரியாமல் முன்வரிசை ரசிகனிடம் நீட்டிவிட்டு வந்தவன்தானே! பிறகு ஆள்விட்டுக் கெஞ்சித் திரும்ப வாங்கினார்கள். கடைசி மூன்று வருஷத்தில் மூன்று ஆஃபென்ஸ் கோச்சைப் பார்த்துவிட்டான், முதல் இருவரும் தலைமைப் பதவி கிடைத்துப் போனார்கள், அதில் ஒருவரை நீங்களே கொத்திக்கொண்டீர்கள். ஒரு தடவைகூட அவன் வெளியே முணுமுணுத்ததாக நான் படிக்கவில்லை. இப்படிப்பட்டவனிடம் நேராக ஒரு எண்ணைச் சொன்னால் நேராகப் பதில் சொல்வான் என்றுதான் நினைக்கிறேன். ஏஜென்ட்டின் பதில் வேறாக இருக்கலாம்.

நீ லைட் நாற்காலியில் இருந்தால் எவ்வளவு தருவாய்? தத்துவம் பேசாமல் எண்ணாக எழுது. என் எண்: உத்தரவாதம் ஒரு கோடி டாலருக்குள், மிச்சம் ஒரு கோடியை கேட்ச், டச்டவுன், ஆட்டம் என்று பிரித்துக் கட்டு. இதற்கு மேல் ஒரு அணி போனால் விட்டுவிடு. எவான்ஸ் உங்களுக்கு வந்தால் மட்டும் எனக்குப் போன் பண்ணாதே.

மருமகள் காலேஜ் எது என்று முடிவானதும் சொல். எங்க ஊர் யூ.எஸ்.எஃப். பல்கலைக்கழகம் என்றால் இங்கே அறை காலி, என் பெண்டாட்டி இப்போதே மெத்தை உறை தேடிக்கொண்டிருக்கிறாள். தங்கச்சியிடம் அந்தக் கருவேப்பிலைக் கன்றைக் குளிரில் வெளியே வைக்க வேண்டாம் என்று சொல், போன தடவை செத்ததும் அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட், அந்த வாரக்கடைசிக்கு நாலு பேருமாகக் கிளம்பி வாருங்கள். அதற்குள் எவான்ஸ் விஷயம் தெரிந்துவிடும். யார் யாருக்கு பிரியாணி வாங்கித் தருவது என்பதும்.

அன்புடன்,
உன் மச்சான்